ஏழு முடிச்சுள்ள நூல்



போன மாதம் எங்கள் இதழின் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஓரமெல்லாம் நெருக்கமாகத் தைத்து, துணியின் மேலேயே மையால் முகவரி எழுதிய பார்சல். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து பலகாரம் இப்படித்தான் வரும். தையலைப் பிரிக்க மனசு வராமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிரித்தபோது உள்ளே 34 தாள்கள். ஒவ்வொன்றிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கையெழுத்து. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இரண்டு துளை போட்டு, அந்தப் பிள்ளை தன் கையாலேயே நூற்ற நூல் ஒரு முழம் கோத்துக் கட்டியிருந்தது.

நூல் என்றதும் கடையில் வாங்கும் நூல்கண்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் தலைமுடிபோல மெலிந்து, அடுத்த அங்குலத்தில் பருத்து, இன்னோர் இடத்தில் முறுக்கு அதிகமாகித் தனக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் நூல். 34 நூலும் 34 விதம். ஒருவர் கையெழுத்துபோல இன்னொருவர் கையெழுத்து இருக்காது என்பது தெரியும். ஒருவர் நூற்ற நூல்போல இன்னொருவர் நூற்ற நூலும் இருக்காது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தாளில் இருந்த நூலில் ஏழு முடிச்சு. அதை நூற்ற பையன் முடிச்சுகளை மறைக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பத்தி எழுதியிருக்கிறான். முதல் முடிச்சு, நூல் நூற்கும் தக்ளியை வேகமாகச் சுற்றிவிட்டதால் விழுந்தது. இரண்டாவது, பக்கத்தில் இருந்தவன் தும்மியபோது அறுந்தது. மூன்றாவது எப்படி அறுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவிட்டான். நான்காவது முடிச்சு விழுந்த அன்று காலையில் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் கை தன் போக்கில் இழுத்துவிட்டது. ஐந்தும் ஆறும் அடுத்தடுத்து ஒரே நிமிஷத்தில். ஏழாவது மட்டும் அறுந்ததால் வந்த முடிச்சு இல்லை. ஒரு முழத்துக்கு அவன் நூல் போதவில்லை. பக்கத்துப் பெண் தன் நூலில் நான்கு விரல் நீளம் கொடுத்தாள், அதைச் சேர்த்துக் கட்டிய முடிச்சு.

இருபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகள் அனுப்பும் எழுத்துகளைப் படித்துவருகிறேன். குழந்தைகள் தினப் போட்டிக்குக் கட்டுக்கட்டாக வரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் இரண்டு பொன்மொழி. ஒரே வகுப்பிலிருந்து வந்த முப்பது கட்டுரைகளில் எது யாருடையது என்று பெயரைப் பார்த்தால்தான் தெரியும். அவற்றை ஒதுக்கி வைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல் இல்லை என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். ஏழு முடிச்சைப் படித்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது. சொல் இருக்கிறது. சொல்வதற்குத் தனக்கென்று ஒரு பொருள்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. கை ஒரு வேலையில் இறங்கியதும் அந்தப் பொருள் கிடைத்துவிடுகிறது.

தாள்களுடன் தமிழ் டீச்சரின் கடிதம் ஒன்றும் இருந்தது. ஈரோடு மாவட்டத்தில் விசைத்தறிச் சத்தம் இரவு பகலாகக் கேட்கும் ஓர் ஊரின் அரசு நடுநிலைப் பள்ளி. பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கடைசி இரண்டு பாடவேளையையும் அவரும் தையல் டீச்சரும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பாடவேளை கைவேலை, ஒரு பாடவேளை எழுத்து. கடிதத்தைப் படித்து முடித்ததுமே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போனேன்.

பள்ளியின் தாழ்வாரத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கொட்டாங்குச்சி. தக்ளியை வெளியில் வாங்கவில்லை. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி, அதன் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மரத்தட்டு, மேல் நுனியை மடக்கிக் கொக்கி, அவ்வளவுதான். கம்பியின் முனையைக் கொட்டாங்குச்சிக்குள் ஊன்றி, வலது கை விரலால் சுண்டிவிட வேண்டும். தக்ளி பம்பரம்போலச் சுழலும்போது இடது கை பஞ்சுத் திரியை மெதுவாக மேலே தூக்க வேண்டும். தூக்கும் வேகமும் சுழலும் வேகமும் ஒத்துப்போனால் விரல் நுனியிலிருந்து நூல் பிறக்கும். ஒத்துப்போகாவிட்டால் அறுந்துவிடும். என் கையிலும் ஒரு தக்ளியைக் கொடுத்தார்கள். ஒன்பது தடவை அறுந்தது. பக்கத்தில் இருந்த சிறுமி, "இழுக்காதீங்க, அதுவா வரட்டும்" என்று சொல்லிக்கொடுத்தாள். பத்தாவது தடவை ஒரு சாண் வந்தது.

நூற்கத் தொடங்கும் முன்பு தையல் டீச்சர் ஒன்று செய்யச் சொன்னார். நீங்களும் மருந்துக்கடைப் பஞ்சை வைத்துச் செய்து பார்க்கலாம். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். ஒரு சிரமமும் இல்லாமல் பிரிந்துவிடும். இன்னொரு சிட்டிகையை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் நன்றாக முறுக்கிவிட்டு இழுங்கள். பிரியாது. ஒரு பருத்தி இழையின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். பசை எதுவும் இல்லை. ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கிற உராய்வு மட்டுமே அத்தனை குட்டி இழைகளையும் ஒரே நூலாகப் பிடித்து வைத்திருக்கிறது. வேட்டி, சேலை, கொடிக்கயிறு, தேர்வடம் எல்லாம் இந்த முறுக்கில்தான் நிற்கின்றன. உராய்வு என்ற சொல் அறிவியல் பாடத்தில் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டதாம். விரலுக்கு அது வந்து சேர்ந்தது அன்றுதான்.

பிறகு ஒரு கேள்வி. 20ஆம் நம்பர் நூல் பருமனா, 60ஆம் நம்பர் நூல் பருமனா? முக்கால்வாசிப் பேர் 60 என்றார்கள். நம்பர் பெரிது, ஆகவே நூலும் பெரிது. கடைசி வரிசையில் மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூவரும் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண் எழுந்து, நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்று சொன்னாள். ஏன் என்று டீச்சர் கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை. அங்கே தொடங்கியது கணக்கு.

ஒரு ராத்தல் எடையுள்ள நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். எடை மாறாமல் சிட்டம் கூடிக்கொண்டே போனால் நூல் மெலிந்துதானே ஆக வேண்டும்! 40ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் 33,600 கெஜம் இருக்கும் என்று கரும்பலகையில் பெருக்கினார்கள். மீட்டரில் மாற்றினால் 30 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சு, சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை நீளும். கரும்பலகைக்கு முன்னால் நின்ற பையன் திரும்பித் தன் சட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். எதிர்விகிதம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான் என்று மணியடிக்கும் நேரத்தில் டீச்சர் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வகுப்பு கொட்டாவி விட்டிருக்கும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

முதல் வாரம், உங்கள் சட்டையைப் பற்றி எழுதுங்கள் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்களையும் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் காட்டினார். சட்டை நமக்கு மிகவும் பயன்படுகிறது. சட்டை பல நிறங்களில் கிடைக்கிறது. சட்டையைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய எல்லாத் தாளும் இப்படித்தான். அவர் அவற்றுக்கு மதிப்பெண் போடவில்லை, திருத்தவும் இல்லை, எடுத்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்த வகுப்பில் கட்டுரை என்ற பேச்சே இல்லை. ஆளுக்கொரு சொல் நோட்டு மட்டும். கைவேலையின்போது காதில் விழும் சொல்லை, கேட்டபடியே அதில் எழுதிவைக்க வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த சொற்களைப் பாருங்கள்: பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு, மிதி, சிட்டம், புரி. மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்குப் போய்ப் பாட்டிகளைக் கேட்டிருக்கிறார்கள். பூவைத் தொடுப்பது வேறு, மணியைக் கோப்பது வேறு, ஓலையை முடைவது வேறு, ஜடையைப் பின்னுவது வேறு, கயிற்றைத் திரிப்பது வேறு. பஞ்சை நூற்போம், நூலை நெய்வோம், துணியைத் தைப்போம். ஒவ்வொரு வேலைக்கும் தமிழ் தனித்தனியே ஒரு வினை வைத்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் காது ஒப்பாது. இந்த வித்தியாசத்தை இலக்கணப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க எத்தனை நாளாகும்! விரல் செய்துபார்த்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடுகிறது. ஒரு பெண் தன் நோட்டில் 'சிக்கல்' என்று எழுதி, அடியில், இது வீட்டிலும் வரும் நூலிலும் வரும் என்று குறித்திருந்தாள். கதையில் முடிச்சு என்கிறோம், பேச்சில் சோகம் இழையோடியது என்கிறோம், ஒருவர் மனசை அறிய நூல்விட்டுப் பார்க்கிறோம். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது அவளுக்கு இப்போது தெரியும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எழுதச் சொன்னபோது டீச்சர் சொன்ன விதிகள் இரண்டுதான். தொட்டதை எழுது; அறுந்ததையும் எழுது. அந்தத் தாள்களைத்தான் வேட்டித் துணியில் தைத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வீடு துணியும் சேகரித்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கையகலம். தாத்தாவின் லுங்கியிலிருந்து ஒருவன், அக்காவின் தாவணியிலிருந்து ஒருத்தி. தம்பியைப் போட்டு ஆட்டிய தொட்டில் சேலையிலிருந்து ஒரு துண்டு வந்திருக்கிறது. அதை வெட்டலாமா கூடாதா என்று வீட்டில் நடந்த வாக்குவாதம்தான் அந்தத் தாளில் கதையாகியிருக்கிறது. பாட்டி விடவில்லையாம். அம்மா கத்திரிக்கோலைக் கொடுத்தாராம். கடைசியில் பாட்டியே, கிழிந்த பக்கமாகப் பார்த்து வெட்டிக்கொடுத்தாராம். இது கதை. யாரும் அதற்கு முன்னுரை கேட்கவில்லை.

இப்படி ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, நன்னூல் ஞாபகம் வராமல் போகுமா? நூல் என்ற சொல்லுக்கு இழை, புத்தகம் என்று இரண்டு பொருள் நம் மொழியில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பவணந்தி முனிவர் அதைப் பாயிரத்திலேயே விளக்கியிருக்கிறார். சொற்கள் பஞ்சு. செய்யுள் இழை. புலவன், நூற்கும் பெண். அவள் கை செய்கிற வேலையைப் புலவனின் வாய் செய்கிறது. நூற்கும் கதிர் செய்கிற வேலையை அறிவு செய்கிறது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் ஒருவர், புத்தகம் எப்படி உருவாகிறது என்று சொல்ல, பஞ்சு நூற்கும் ஒரு பெண்ணைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்! அவருடைய ஊரான சனகாபுரம், இன்றைய பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று கொங்கு நாட்டு ஆய்வாளர்கள் சொல்வது உண்டு. அப்படியென்றால் நான் பார்த்துவந்த பிள்ளைகள் அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர்கள். பா என்றால் செய்யுள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளும் பாதான். புறநானூற்றில் பஞ்சைக் குறிக்கும் பனுவல் என்ற சொல்லைப் பின்னாளில் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் ஏட்டில் இருப்பது. மண்ணிலும் இருக்கிறது. கீழடியில் தோண்டிய குழிகளிலிருந்து நூல் நூற்கும் தக்ளிகள் கிடைத்தன. நெசவுக்குப் பயன்பட்ட எலும்புக் கூர்முனைகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகளும் அதே ஊரில்தான் கிடைத்தன. நூற்ற கைகளும் எழுதிய கைகளும் ஒரே தெருவில் வாழ்ந்திருக்கின்றன. 2023ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தக்ளிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வாரம் அவர்களைத் தக்ளி சுற்றவைத்துவிட்டு அழைத்துப்போனால் இன்னும் நல்லது.

நம் ஊரில்தான் இப்படி என்று இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி 1896ல் ஒரு பரிசோதனைப் பள்ளி தொடங்கினார். அங்கே பிள்ளைகளின் கையில் கம்பளியையும் பருத்தியையும் ஆட்டிலிருந்தும் செடியிலிருந்தும் வந்தபடியே கொடுத்தார்கள். பருத்தியைவிடக் கம்பளித் தொழில் ஏன் முந்திக்கொண்டது என்பது கேள்வி. விடையைப் புத்தகத்தில் தேடவில்லை. ஒரு குழு உட்கார்ந்து பருத்தியிலிருந்து கொட்டையை விரலால் பிய்த்தெடுத்தது. அரை மணி நேரம். ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை, அதாவது 28 கிராம்கூட இல்லை. விடை கிடைத்துவிட்டது. டூயி இதை 1899ல் வந்த 'பள்ளியும் சமூகமும்' நூலில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு நாங்கள் அலுவலகத்திலேயே செய்து பார்த்தோம். வெடித்த பருத்தியை ஊரிலிருந்து வரவழைத்து, நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். பஞ்சு கொட்டையை விடவே மாட்டேன் என்கிறது. பிடித்து இழுத்தால் பாதிப் பஞ்சு கொட்டையோடு போகிறது, கொட்டை நசுங்கினால் பஞ்சில் கறை. அரை மணி நேரத்தில் என் பங்குக்கு ஒரு தீப்பெட்டி நிறையவில்லை. நம் முன்னோர் இந்த வேலைக்குக் கை உருளைக் கருவி செய்துகொண்டார்கள் என்பதைப் பள்ளியில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரியின் எடை நகக்கண் வலித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 1793ல் எலி விட்னியின் கொட்டை நீக்கும் இயந்திரம் வந்ததும் பருத்திச் சாகுபடி பெருகியது. பருத்தி பெருகப் பெருக அடிமைகளின் துயரமும் பெருகியது. ஒரு பருத்திக் காயை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளையோடு எவ்வளவு தூரம் நடக்கலாம் பாருங்கள்.

செயல்திட்ட முறை என்ற பெயரைப் பரவலாக்கிய கில்பாட்ரிக்கின் 1918ஆம் வருஷத்துக் கட்டுரையிலும் முதலில் வருவது துணிதான். ஒரு பெண் தனக்கு ஒரு கவுன் வேண்டும் என்று மனதார நினைத்து, தானே திட்டமிட்டு, தானே தைக்கிறாள். அதைத்தான் அவர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். மனதார என்பதில் அவருக்கு அழுத்தம் அதிகம். இன்றைக்குப் பள்ளிகளில் புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அப்பா தெர்மக்கோல் வாங்க ஓடுகிறார், அம்மா சார்ட்டில் எழுதுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. திங்கட்கிழமை அதற்கு மதிப்பெண், செவ்வாய்க்கிழமை அது பீரோவுக்கு மேலே. பெற்றோரின் பாடு எனக்குத் தெரியும்; அவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் கை படாத வேலையில் பிள்ளைக்கு எழுத என்ன இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி தலைமையில் நடந்த கல்வி மாநாடு, அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு. ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை தாய்மொழியில் கல்வி. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் வரலாறும் மொழியும் அதிலிருந்தே கிளைக்க வேண்டும். தமிழில் ஆதாரக் கல்வி என்றோம். அந்தக் குழுவின் அமைப்பாளர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர், சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்தவர். பின்னர் சேவாகிராமத்தில் மனைவி ஆஷாதேவியோடு இந்தக் கல்விக்காகவே வாழ்ந்தார். குழுவில் இருந்த ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். திண்டுக்கல் பக்கத்தில் 1947ல் ஜி. ராமச்சந்திரனும் சௌந்தரமும் தொடங்கிய காந்திகிராமத்தில் இந்தக் கல்வி வேர்பிடித்தது. ஆண்டு மலர்களிலும் விழா மேடைகளிலும் இவர்கள் பெயரை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

அது ஏன் நிலைக்கவில்லை? என் பள்ளிப் பருவத்தில் அதன் கடைசி வால் மிச்சம் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குக் கைத்தொழில் வகுப்பு உண்டு. தக்ளி கொடுப்பார்கள். வாரக் கடைசியில் எத்தனை சிட்டம் என்று எண்ணுவார்கள். குறைந்தால் பெஞ்சின் மேல் நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். அந்த நூல் எங்கே போகிறது, அதில் யார் என்ன நெய்கிறார்கள், பஞ்சு ஏன் நூலாகிறது, ஒன்றுமே யாரும் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை. விளைபொருளின் வருமானத்தில் பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தில் இருந்தது. பொருளாதாரப் பக்கம் தூக்கலாகிக் கல்வி பின்னுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு என்று ஜாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. பெஞ்சின் மேல் நின்ற என் போன்ற பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான். அந்த வகுப்பைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால்கூட, என்ன பார்த்தேன், என்ன உணர்ந்தேன் என்று யோசித்திருப்பேன்.

ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளியில் கிளம்பும் நேரத்தில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். விசைத்தறிக்குத் தார் போடும் வேலைக்குப் போகிறவர். தலைமுடியில் பஞ்சுத் தூசி. குரலில் கோபம் இல்லை, கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்புதான் இருந்தது. "நாங்க தறியில கெடந்து படறது போதாதுங்களா? புள்ளையும் பள்ளிக்கூடத்துல வந்து அதையேதான் கத்துக்கோணுங்களா?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைவேலைக் கல்வியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதக் கூடாது. 1953ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள்தான். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள் என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. நெசவாளி மகன் தறிக்கு, வக்கீல் மகன் சட்டப் புத்தகத்துக்கு என்றால் அது கல்வி இல்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான். இங்கே உங்கள் பிள்ளை மட்டும் நூற்கவில்லை. மளிகைக்கடைக்காரர் பிள்ளை நூற்கிறது, பேங்க் மேனேஜர் பிள்ளை நூற்கிறது, பையன்களும் ஊசியில் நூல் கோக்கிறார்கள். தறியில் உட்காருவதற்காக யாரையும் தயார் செய்யவில்லை. நூற்றது எதுவும் விற்பனைக்குப் போவதில்லை. நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொன்னது உங்களைப் போன்ற வீட்டுப் பெண். வீட்டில் இருக்கிற அறிவு பள்ளிக்கூடத்திலும் அறிவுதான் என்று அந்த வகுப்பு அன்றைக்கு ஒப்புக்கொண்டது. அவர் யோசித்தார். "அப்ப அந்த மேனேஜர் புள்ள நூல் அறுந்துச்சுங்களா?" என்று கேட்டார். அறுந்தது, பல தடவை அறுந்தது என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. முழுவதும் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே, பள்ளிகளுக்கு நான் கேட்பது பெரிய திட்டமோ புதிய கட்டடமோ இல்லை. நம் அரசுப் பள்ளிகளில் 2012ல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தையல், ஓவியம், இசை, தோட்டக்கலை சொல்லித்தருபவர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வருகிறவர்கள். பல பள்ளிகளில் இவர்களை ஓரத்தில் வைத்துவிடுகிறோம். வராத ஆசிரியரின் வகுப்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறோம். அவர்களையும் தமிழ் ஆசிரியரையும் வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரே தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். கைவேலை தனியாக நடந்தால் அது வேலையாகவே முடிந்துவிடுகிறது. எழுத்து தனியாக நடந்தால் முன்னுரை முடிவுரையாகிவிடுகிறது. இரண்டும் அடுத்தடுத்த பாடவேளையில் வரும்போது முதலாவதில் அறுந்தது இரண்டாவதில் சொல்லாகிறது. செலவு என்று பார்த்தால் பஞ்சு, ஊசி, சைக்கிள் கம்பி, கொட்டாங்குச்சி. எழுதியதை அனுப்ப அரசின் சிறார் இதழ்களான ஊஞ்சலும் தேன்சிட்டும் இருக்கின்றன, நம் இதழும் இருக்கிறது.

தறி இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்தமடைப் பக்கம் கோரைப்பாய் இருக்கிறது. சின்னாளபட்டியிலும் மதுரையிலும் சுங்குடி இருக்கிறது. ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு, முடிச்சை அவிழ்க்கும்வரை உள்ளே என்ன வந்திருக்கிறது என்று தெரியாது. கதை எழுதச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா? எதுவுமே இல்லாத ஊரில் கூட ஒரு பழைய சேலையும், அதைக் கட்டியவரைத் தெரிந்த ஒரு பாட்டியும் இருப்பார்கள். ஓட்டுத்தையல் ஒன்று தெரிந்தால் போதும்.

அடுத்த இதழிலிருந்து 'கையகலத் துணி' என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு துண்டுத் துணியும், அதைப் பற்றி ஒரு பக்கமும் அனுப்பலாம். பிள்ளையே தைக்க வேண்டும், பிள்ளையே எழுத வேண்டும். எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் திருத்தாதீர்கள். பெரியவர்களும் அனுப்பலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அனுப்பலாம். அம்மாவின் பச்சைக் கண்டாங்கியில் அரக்குக் கரைப் பக்கமாக ஒரு துண்டை நான் வெட்டி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்தக் கரையில் மஞ்சள் கறை எப்படி வந்தது என்று ஞாபகம் வரவில்லை. ஊருக்குப் போன் போட்டு அக்காவைக் கேட்டிருக்கிறேன்.

34 தாள்களையும் அச்சுக்காகப் படம் எடுத்தாகிவிட்டது. ஏழு முடிச்சையும் தெளிவாகக் காட்ட எங்கள் புகைப்படக்காரர் ஒரு முழு மத்தியானம் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். நடுப்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறோம். தாள்களைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்று டீச்சர் கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருந்தார், பிள்ளைகள் தினமும் கேட்கிறார்களாம். தபாலில் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோகிறேன். அதே வேட்டித் துணியில் மறுபடியும் மூட்டை கட்டி, நேற்று ராத்திரி உட்கார்ந்து ஓரத்தைத் தைத்தேன். இரண்டு இடத்தில் நூல் அறுந்து முடிச்சு விழுந்திருக்கிறது. அந்தப் பையன் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

அன்புடன்,
ஆசிரியர்